அனுமதியின்றி அகற்றப்பட்ட சத்தம்

நிர்வாகம் என்னும் மகத்தான கலை உலகில் எங்கெங்கோ பிறந்து வளர்ந்திருக்கலாம். ஆனால் அது முழுமை அடைந்த இடம் ஜவ்வாது மலைமேல், 'மலைச்செல்வம் சிறுதானிய உற்பத்தியாளர் நிறுவன'த்தின் தகரக் கூரை போட்ட தலைமை அலுவலகம்தான். ஒரு பிக்கப் வண்டியின் அடியில் கேட்ட சாதாரண 'டொக்' சத்தத்தை ஆறு கூட்டம், ஒரு துணைக் குழு, ஒரு நிபுணர், ஒரு சுற்றறிக்கை ஆகியவற்றின் துணையோடு நாற்பது நாள் உயிரோடு வைத்திருந்த அலுவலகம் வேறெங்கும் இருப்பதாகத் தகவல் இல்லை.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் ஓட்டுநர் கன்னியம்மாள். அதுவே அவள் செய்த முதல் குற்றம்.

ஏழு வருடமாக மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவள் அவள். மலைக்காரர்கள் விளைவித்த சாமையையும் புளியையும் மூட்டை மூட்டையாக ஒடுகத்தூருக்கு இறக்குவாள். திரும்பும்போது அரிசி, உரம், ஆட்டுக்குத் தீவனம், இவற்றோடு மூட்டைக்கு மூட்டையாக ஏறி உட்காரும் உறுப்பினர்ப் பெண்களையும் மேலே கொண்டுவந்து சேர்ப்பாள். வண்டியின் ஒவ்வொரு முனகலும் அவளுக்குப் பழக்கம். அதனால் ஒரு திங்கட்கிழமை, லோடோடு இறங்கும்போது பின்பக்கம் இடது பக்கத்தில் 'டொக்' என்றும், வளைவில் 'கிரீச்' என்றும் கேட்டவுடனே அது புது ஆள் என்று கண்டுகொண்டாள்.

அலுவலகத்தில் 'பழுதறிவிப்புப் படிவம்' இருந்தது. அதில் 'சத்தத்தின் தன்மை' என்ற கட்டத்தில் அவள் உள்ளதை எழுதினாள்: டொக். வளைவில் கிரீச்.

மறுநாள் படிவம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

"யக்கா, 'டொக்'குனு எழுதக் கூடாதாம்" என்றாள் அலுவலக உதவியாளர் அன்பரசி. "அலுவல் நடையில எழுதணுமாம்."

"சத்தம் அப்டித்தாம்மா கேக்குது. அதுக்கு அலுவல் நடை தெரியலையே."

இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். 'டொக்' என்பது 'இடைவிட்டெழும் தட்டொலி' ஆயிற்று. 'கிரீச்' என்பது 'திருப்பங்களில் தோன்றும் உராய்வோலம்' ஆயிற்று. இப்படிப் பெயர் வைத்ததும் சத்தத்துக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. அதற்கென்று தனிக் கோப்பு திறந்தார்கள்.

முதல் கூட்டத்துக்குத் தலைமைச் செயல் அலுவலர் சக்கரவர்த்தியே தலைமை தாங்கினார். சமவெளியில் மேலாண்மை படித்துவிட்டு, மலையை மேலாண்மை செய்ய வந்தவர். கீழே போய்வருவதும் அதே பிக்கப்பில்தான். எதையும் அவசரப்பட்டுச் செய்துவிடமாட்டார்.

"சத்தம் எங்கேருந்து வருது?"

"கீழ இருந்து சார். பின்னாடி பிளேட்டு கட்டியிருக்கற எடத்துல."

"கீழேருந்து வர்ற எதையும் உடனே மேல எடுத்துக்க முடியாதும்மா. படிப்படியாத்தான் வரணும்."

பிளேட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டா என்று கொள்முதல் அலுவலர் இளவழகன் கேட்டார். கன்னியம்மாள் பொறுமையாக விளக்கினாள். பின்சக்கரத்துக்கு மேலே, வில்லைப்போல் வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். பள்ளத்தில் விழும் அடியை அவைதான் வாங்கிக்கொள்ளும். அதற்குத்தான் சஸ்பென்ஷன் என்று பேர்.

"லோடு ஏத்தினா சத்தம் ஜாஸ்தியா கீது சார். ஒரு தபா மெக்கானிக்கிட்ட காட்டினா போதும்."

"லோடே ஏத்தலைன்னா?" என்றார் இளவழகன்.

சக்கரவர்த்தி மேசையைத் தட்டிப் பாராட்டினார். 'சாமை ஏற்றுவதே சத்தத்துக்குக் காரணம் என்ற கோணத்தையும் ஆராயலாம்' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. சாமை ஏற்றுவதற்காகவே வாங்கிய வண்டி அது என்பதை யாரும் நினைவூட்டவில்லை. நினைவூட்டுவது கூட்டத்தின் பொருள்நிரலில் இல்லை.

நான்காவது கூட்டத்தில் சத்தத்துக்கு நல்ல காலம் பிறந்தது. 'நற்பயண அறக்கட்டளை' என்று ஒன்று புதுமையான திட்டங்களுக்கு ஆதரவு தருவதாகச் சக்கரவர்த்திக்குத் தெரியவந்தது. அந்த நிமிடமே கோப்பின் பெயர் 'தட்டொலி ஒழிப்பு முன்னோடித் திட்டம்' என்று மாறிற்று. நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள்.

நிபுணர் பெயர் நவீன்குமார். 'ஒலி ஆலோசகர்.' வெள்ளைச் சட்டையில் வந்தார். வெள்ளையாகவே திரும்பிப் போனார். வண்டிக்கு அடியில் குனியவில்லை. கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து டாஷ்போர்டின் மேல் வைத்தார். அலுவலக முற்றத்தின் சிமெண்டுத் தரையில், காலி வண்டியை நடை வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். திரையில் ஒரு நேர்க்கோடு ஓடியது.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல."

"தம்பி, லோடோட ஒரு தபா கீழ எறங்கிப் பாக்கலாம் வாங்க. ஒம்பதாவது வளைவுல நல்லா கேக்கும்."

"மலைப்பாதைன்னா எனக்கு வாந்தி வரும்க்கா."

அறிக்கை பதினெட்டுப் பக்கம் வந்தது. வாகனம் ஆரோக்கியமாக உள்ளது. ஓட்டுநரின் செவி சற்று 'எதிர்மறை'யாக உள்ளது. பரிகாரம்: வாகனத்துக்குள் 'நேர்மறை ஒலிச் சூழல்' உருவாக்குதல்.

மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்ட ஒரு மாதமாகக் கிடைக்காத ஒப்புதல், நேர்மறை ஒலிச் சூழலுக்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. அரிசி மூட்டை அளவுக்கு ஒரு பாட்டுப் பெட்டியும், நீல விளக்கு மின்னும் இரண்டு ஸ்பீக்கரும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தன. பரிகாரம் உடனே பலித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் பிறகு 'டொக்' கேட்கவில்லை. 'கிரீச்' கேட்கவில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் கேட்கவில்லை. 'சத்தமில்லாப் பயணம் சாத்தியமே' என்று சுற்றறிக்கை வந்தது. ஓடும்போது பாட்டை நிறுத்தக் கூடாது என்று ஓட்டுநருக்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

கன்னியம்மாள் பாட்டை ரசித்தாள். பொய் சொல்வானேன், நல்ல பாட்டுகள். ஆனால் காதில் விழாத சத்தம் இப்போது உள்ளங்கையில் விழுந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் வழியாக ஏதோ ஒன்று கையைத் தட்டிக் கூப்பிட்டது.

நாற்பதாம் நாள் காலை, பதினாறு மூட்டைச் சாமையோடும், அவற்றின் மேல் ஏறிய ஆறு பெண்களோடும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வளைவில் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இடதுபக்கம் நகர்ந்தாற்போல் இருந்தது. இடதுபக்கத்தில் ரோடு இல்லை. மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த செல்லி கேபினின் தகரத்தை ஓங்கித் தட்டினாள். பத்து ஏக்கர் மேட்டு நிலத்தை ஒற்றை ஆளாய்ப் பார்க்கிறவள். எதற்கும் எளிதில் பயப்படாதவள்.

"கன்னிம்மா, வண்டி இன்னா நண்டு மாதிரி போவுது?"

கன்னியம்மாள் பாட்டை நிறுத்தினாள். பெண்களை இறக்கி நடக்கச் சொன்னாள். முதல் கியரிலேயே, மாட்டை ஓட்டிப்போகும் வேகத்தில் மிச்ச மலையை இறங்கினாள். அடிவாரம் வந்து சேர்ந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக ஒடுகத்தூரில் முனிசாமியின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள்.

முனிசாமி அதிகம் பேசாத மெக்கானிக். நீல விளக்கு மின்னிக்கொண்டிருந்த பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாண வூட்டுக்குப் போற வண்டியா?"

"டொக்குனு ஒரு சத்தம்ண்ணா. அத மறைக்க மாட்டிக் குடுத்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. சத்தத்தைப் படிவத்தில் எழுதித் தரவும் சொல்லவில்லை. பின்பக்கத்தை ஏறி மிதித்துக் குலுக்கச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து, பட்டையின் முனையில் வளையமாகச் சுருண்ட கண்ணில் விரலை வைத்தார். அவள் குலுக்கக் குலுக்க 'கிரீச்' அவர் விரலுக்கே வந்து பேசியது. "இங்க ரப்பர் புஷ்ஷு தேஞ்சி, இரும்போட இரும்பு ஒரசுது. இது ஒண்ணும் ஆளக் கொல்லாது" என்றார். பிறகு லோடை இறக்கி, ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, கடப்பாரையை நுழைத்து நெம்பினார். அச்சையும் பட்டைகளையும் சேர்த்துக் கட்டும் யூ-போல்ட்டு இரண்டும் கையாலேயே ஆடின.

"போல்ட்டு லூசு. அதான் டொக்கு. ஆனா போல்ட்டு தானா லூசாவாதே."

பட்டைகளைப் பிரித்தார். பெரிய பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, அதன்மேல் சாக்பீஸைப் பூசினார். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சாக்பீஸின் குறுக்கே, கோணலாக, ஈரமான கறுப்புக் கோடு ஒன்று ஊறி வந்தது.

"மெயின் பிளேட்டு விட்டுப்போச்சு" என்றார் முனிசாமி. "விரிசல்ல எறங்குன எண்ணெதான் வெளிய வருது. முக்காவாசி அறுந்துகீது. இதோட மலை எறங்கி வந்தியா?"

கன்னியம்மாள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அறிக்கையின் பதினெட்டுப் பக்கத்திலும் வராத கோடு அது. சக்கரவர்த்திக்கு போன் போட்டாள்.

"சார், மெயின் பிளேட்டுல கிராக்கு. மாத்தணும்."

"அந்தக் கிராக் நிபுணர் அறிக்கையில இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ அது அதிகாரபூர்வமான கிராக் இல்லம்மா. நாளைக்கு அறக்கட்டளை மேடம் வர்றாங்க. பதினாறு மூட்டையோட, நான், மேடம், அவங்க ஆளுங்க ரெண்டு பேரு, எல்லாரும் அதே வண்டியில மலை எறங்கறோம். எதையும் தொடாத. ஏழாவது கூட்டத்துல பேசிக்கலாம்."

போனை வைத்துவிட்டாள். பதினாறு மூட்டை, ஒன்பதாவது வளைவு, மரங்களின் உச்சி, எல்லாம் ஒருசேர அவள் கண்முன் வந்தன. நாளைக்கு ஸ்டீயரிங் பிடிக்கப்போவது அவள்தான். பெட்டியைப் பார்த்தாள். பிறகு முனிசாமியைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்தப் பாட்டுப் பொட்டி ஒனக்கு ஆவுமா?"

"எனக்கெதுக்கு. என் மச்சான் செங்கத்துல மைக்செட்டு வெச்சிகீறான். அவனுக்கு ஆவும்." கொஞ்சம் யோசித்தார். "இதே மாடல் வண்டி ஒண்ண போன மாசம் பிரிச்சேன். பிளேட்டு செட்டு புதுசு மாதிரி கீது. பொட்டிய எறக்கு, பிளேட்ட ஏத்தறேன்."

அன்று மத்தியானம் நேர்மறை ஒலிச் சூழல் இறங்கியது. நல்ல இரும்பு ஏறியது. புது புஷ், புது யூ-போல்ட்டு. சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் பாரம் உட்கார்ந்த பிறகே முனிசாமி கடைசி முறுக்கு முறுக்கினார். "மலை ஏறிப் போனதும் ஒரு தபா முறுக்கிடு. புது போல்ட்டு கொஞ்சம் எளகும்" என்று ஸ்பானர் ஒன்றையும் கொடுத்தார். விட்டுப்போன பழைய பட்டையைக் கன்னியம்மாள் சாக்கில் சுற்றிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மூட்டைகளை மறுபடி ஏற்றி, முக்கத்தில் இருந்த வேகத்தடையின் மேல் மெதுவாக ஏற்றி இறக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. திருப்பிக்கொண்டு வந்து வேகமாக ஏற்றினாள். ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை ஏற்றியபோது வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான்காம் முறை தேவையே இல்லை, ஆசைக்கு ஏற்றினாள். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் டீயைக் கையில் பிடித்தபடி, இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டைகளைக் கடையில் இறக்கிவிட்டு, மலையேறி, வண்டி ஒரு முனகலும் இல்லாமல் அலுவலக முற்றத்தில் வந்து நின்றது. அலுவலகம் கதிகலங்கியது.

"சத்தம் எங்கே?" என்றார் சக்கரவர்த்தி.

"போயிடிச்சி சார்."

"யாரைக் கேட்டுப் போச்சு? நாளைக்குத் திட்டத்துக்கு 'முன்', 'பின்' ரெண்டும் காட்டணும். 'பின்' இருக்கு. 'முன்' எங்கே?"

"பழைய பிளேட்டு சீட்டுக்குப் பின்னாடி கீது சார். வேணும்னா மாட்டிக்கலாம்."

அவசரக் கூட்டம் கூடிற்று. அதுதான் ஏழாவது. சத்தத்துக்குப் பொறுப்பேற்க இளவழகன் முன்வந்தார். திட்டம் எளிமையானது: அவர் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு, காலி எண்ணெய் டின்னை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வருவார். கன்னியம்மாள் ஹாரன் அடித்தால் நிறுத்துவார். மறுபடி அடித்தால் தொடங்குவார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தே ஆக வேண்டும் என்பது கன்னியம்மாளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் பொருள்நிரலில் இல்லாததைப் பேசவில்லை.

மறுநாள் அறக்கட்டளையின் ரம்யா மேடம் முன்சீட்டில், சக்கரவர்த்திக்கும் கன்னியம்மாளுக்கும் நடுவில் நெருங்கி உட்கார்ந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர், அடியில் ஓர் ஆள் இருப்பது தெரியாமல், பின்னால் தார்ப்பாய் போர்த்திய மூட்டைமேல் ஏறினார்கள். வண்டி புறப்பட்டதும் 'டொக், டொக்' என்று பிரமாதமான சத்தம்.

"இதுதான் மேடம் 'முன்'."

முதல் வளைவு வந்தது. ஹாரன். சத்தம் நின்றது.

"இது 'பின்'" என்றார் சக்கரவர்த்தி, பூரிப்போடு.

இரண்டாவது வளைவு வந்தது. ஹாரன். 'டொக், டொக்.'

"மறுபடி 'முன்' வந்துடுச்சே" என்றார் ரம்யா.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு மேடம்."

எட்டு வளைவுக்குள் எட்டு முறை 'முன்னு'ம் 'பின்னு'ம் மாறி மாறி வந்தன. ஹாரன் அடித்தால் சத்தம் நிற்பதும் வருவதுமாக இருக்கிறதே என்று ரம்யா கேட்டார். ஒலியை ஒலியால் வெல்லும் தொழில்நுட்பம் என்றார் சக்கரவர்த்தி. கன்னியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஒன்பதாவது வளைவு வந்தது. ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுப் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஓர் அங்குலமும் விலகாமல், வரப்பில் நடக்கும் பசுவைப்போல் திரும்பியது. அவளுக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட வேண்டும்போல் இருந்தது.

வளைவு தாண்டியதும் காட்சி பார்க்க வண்டியை நிறுத்தினார்கள். எஞ்சினும் அணைந்தது. 'டொக், டொக்' மட்டும் அணையவில்லை. கடைசி ஹாரனுக்குப் பிறகு இளவழகனுக்குக் கட்டளை எதுவும் வரவில்லை. அவர் கடமை தவறாதவர்.

"வண்டி நின்னுடுச்சு. சத்தம் நிக்கலையே" என்றார் ரம்யா.

"அது எஞ்சிய சத்தம் மேடம். அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

ரம்யா அவரை விட்டுவிட்டுக் கன்னியம்மாளிடம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. உண்மையிலயே இந்த வண்டிக்கு என்னதான் கோளாறு?"

கன்னியம்மாள் சீட்டுக்குப் பின்னாலிருந்து சாக்கை எடுத்துப் பிரித்தாள். "இதான் மேடம் கோளாறு."

"அது வெறும் பழைய இரும்பு மேடம்" என்று சக்கரவர்த்தி அதை அவசரமாக வாங்கி ஓரத்துக் கல்லின் மேல் எறிந்தார். பட்டை கல்லில் பட்டதும் கணீரென்று இரண்டாக உடைந்தது. ஒரு பாதி அங்கேயே விழுந்தது. மறுபாதி துள்ளி, சரிவில் உருண்டது. அது உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது எங்க இருந்துச்சு?" என்றார் ரம்யா.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நம்ம அடியில மேடம்."

எல்லோரும் சரிவை எட்டிப் பார்த்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் டின் சத்தம், ஹாரன் இல்லாமலே, தானாக நின்றது.

அறக்கட்டளை நியாயமானது. பத்தே நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது. 'பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பில் முன்மாதிரி' என்று சக்கரவர்த்தியின் பெயரைப் போட்டிருந்தது. கன்னியம்மாளுக்கும் ஒரு கடிதம் வந்தது. திட்டத்தின் கீழிருந்த சத்தத்தை முன் அனுமதியின்றி அகற்றியது. இசைப் பெட்டியை இரும்பாக மாற்றியது. அதிகாரபூர்வமற்ற கிராக் ஒன்றை விருந்தினருக்குக் காட்டியது. வண்டியின் சஸ்பென்ஷனைச் சரிசெய்தவளுக்கு நிறுவனம் அதையே திருப்பித் தந்தது: சஸ்பென்ஷன், மறு உத்தரவு வரை.

கன்னியம்மாள் வீட்டில் உட்கார்ந்தாள். வண்டியை இளவழகன் எடுத்தார். இரண்டாவது வளைவுவரை போய், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து திரும்பி வந்தார். பதினொரு நாள் சாமை கிடங்கில் தேங்கியது. பன்னிரண்டாம் நாள் செல்லியும் நாற்பது பெண்களும் ஆளுக்கொரு மூட்டையைக் கூட்ட அறையில் இறக்கி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"நீங்க கூட்டம் போடுங்க சார்" என்றாள் செல்லி. "கன்னி வர்ற வரைக்கும் நாங்களும் இங்கயே கீறோம்."

கூட்டம் போட நாற்காலி வைக்க இடமில்லை. கன்னியம்மாள் விளக்கக் கடிதம் கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சக்கரவர்த்தி இறங்கி வந்தார். அவள் சொல்லச் சொல்ல அன்பரசி எழுதினாள். இந்த முறை அலுவல் நடைக்கு மாற்றவில்லை.

'நான் செஞ்சது தப்புதாங்க சார். அடுத்த தபா பிளேட்டு விட்டா, நீங்க வண்டியில இருக்கச்சொல்ல, அனுமதி வர்ற வரைக்கும் நான் எதையும் தொடாம ஓட்டறேன்.'

சக்கரவர்த்தி அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை, தாம் வண்டியில் இருக்கும்போது என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு படித்ததாக அன்பரசி சொல்கிறாள். 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கும் பழுது பார்க்க முன் அனுமதி வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. சாமை மூட்டைகளும் செல்லியும் மற்றப் பெண்களும் அதே பிக்கப்பில்தான் ஏறி இறங்குகிறார்கள். வாரம் ஒருமுறை கன்னியம்மாள் யாருக்கும் சொல்லாமல் அடியில் படுத்து யூ-போல்ட்டுகளை முறுக்கிவிட்டு வருகிறாள். சக்கரவர்த்தி மட்டும் கடிதத்தைப் படித்த மறுநாளே காலை பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்.

அவருக்கு உயிரின் அருமை தெரியாது என்று மலையில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது அபாண்டம். ஓர் உயிரைக் காப்பாற்ற அவருக்கு ஒரு கூட்டமும் தேவைப்படவில்லை. ஒரு பஸ் டிக்கெட் போதுமானதாக இருந்தது.